அம்மப்பாவின் இடாப்பு

அந்தியேட்டிக் கிரியைக்கு அடித்த கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் அம்மப்பாவின் வாழ்க்கை ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. 1934இல் பிறந்தார், கணித ஆசிரியர், 1980 முதல் 1986 வரை நைஜீரியா, 1996இல் கனடா, பிள்ளைகள் மூவர், பேரப்பிள்ளைகள் ஐவர், 2023 பெப்ரவரியில் இறைபதம். மாமாதான் எழுதினவர், ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவரைத் தெரியாத ஒருவர் வாசித்தால், கனடாவுக்கு வந்ததோடு அம்மப்பா படிப்பிக்கிறதை விட்டுவிட்டார் என்றுதான் நினைப்பார். அவர் ஒருநாளும் விடவில்லை.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. அப்பாவுக்கு இரவு வேலை, அம்மாவுக்குப் பகல் வேலை. அம்மம்மாவும் அம்மப்பாவும் வந்தபோது எனக்கு 10 வயது, தம்பிக்கு 7. 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நடந்து சாவகச்சேரிக்குப் போன சனத்தோடு போனவர்கள் அவர்கள். அன்று அவர் தூக்கிக்கொண்டு போன பையில் இரண்டு சாரம், காணி உறுதிகள், ஒரு மடக்கை அட்டவணை. அந்த அட்டவணை ரொறன்ரோவுக்கும் வந்தது.

வந்த கிழமையே ஒரு பலகை வாங்கிக் கறுப்பு மை அடித்து, குளிர்சாதனப் பெட்டியோடு சாய்த்து வைத்தார். வெண்கட்டியை எப்போதும் இரண்டாக முறித்துத்தான் எழுதுவார், முழுசாகப் பிடித்தால் கீச்சிடும் என்று. பிறகு கொழும்பில் வாங்கிக்கொண்டு வந்த சீ.ஆர். என்ற தடித்த மட்டைக் கொப்பியை எடுத்து, அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, எங்கள் இரண்டு பேரின் முழுப்பெயரையும் எழுதினார். அதுதான் இடாப்பு. பின்னேரம் நாலரைக்குப் பெயர் கூப்பிடுவார். நாங்கள் எழும்பி நின்று "உள்ளேன் ஐயா" என்று சொல்லவேணும். ஆறு மணி வரைக்கும் அவர் ஐயா. ஆறு மணிக்குப் பிறகுதான் அம்மப்பா.

எனக்குக் கணிதம் இன்றைக்கும் அவருடைய சொற்களில்தான் வரும். அட்சரகணிதம், கேத்திரகணிதம், செங்கோண முக்கோணியின் செம்பக்கம். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் கேட்டதை மனதுக்குள் தமிழாக்கி, செய்து முடித்துத் திருப்பி ஆங்கிலத்தில் எழுதுவேன். விடை மட்டும் எழுதிக் காட்டினால் கொப்பியைத் திருப்பித் தருவார். "விடை புத்தகத்தின்ரை கடைசிப் பக்கத்திலையும் கிடக்கும், பிள்ளை. நீ வந்த வழியைக் காட்டு."

ஊரை விட்டு ஏன் போனார் என்று கேட்டால் ஒரு எண்தான் சொல்லுவார்: 23. பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது பொறியியலுக்குத் தமிழ்மொழி மூலம் எழுதிய பிள்ளைக்கு வேண்டியது 250 புள்ளி, சிங்களமொழி மூலம் எழுதிய பிள்ளைக்கு 227. தான் படிப்பித்த பெடியள் அந்த 23க்குள் அகப்பட்டு நின்றதைப் பார்த்த பிறகு வகுப்புக்குப் போக மனம் வரவில்லை என்று ஒரேயொரு தடவை சொன்னார். காசுக் கஷ்டமும் இருந்தது, மூன்று பிள்ளைகள். 1976இல் நைஜீரியா எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்று தொடங்கியிருந்தது. பிள்ளைகள் பெருகின அளவுக்கு ஆசிரியர்கள் இல்லை. எண்ணெய்க் காசு இருந்தது. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆசிரியர்களை எடுத்தார்கள். அம்மப்பா அம்மம்மாவையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு, 46 வயதில் கானோவுக்குப் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

அந்த ஆறு வருடத்தைப் பற்றி அவர் சொல்லும்போது முகம் மாறும். அங்கே பிள்ளைகள் ஆசிரியரைக் கண்டால் குந்தியிருந்துதான் வணக்கம் சொல்லுவார்களாம். ஹௌசா மொழியில் ஆசிரியருக்கு "மாலம்". யாழ்ப்பாணத்து "மாஸ்ரர்" கானோவில் "மாலம்" ஆனார். மார்கழி, தையில் சகாராப் பக்கமிருந்து ஹர்மட்டான் காற்று வீசும்போது யன்னலைச் சாத்தினாலும் புழுதி வந்து கரும்பலகையில் படியுமாம். யாழ்ப்பாண நூலகம் எரிந்தது அம்மம்மாவின் கடிதத்தில்தான் அவருக்குத் தெரியவந்தது. ஸ்காபரோவுக்கு வந்ததும் அவர் முதலில் விசாரித்துக்கொண்டு போன இடம் சீடர்பிரே நூலகம். தவணைக்கு முதல்நாளே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், பனி கொட்டினாலும்.

சமையல் அவர் பழகினதும் கானோவில்தான். அந்தப் பக்கம் தேங்காய் லேசில் கிடையாது, கச்சான் என்கிற நிலக்கடலை மலிவு. இறுங்குச் சோள மாவில் புட்டு அவித்து, வறுத்த கச்சானைச் செத்தல் மிளகாயோடு இடித்து, தேசிக்காய் பிழிந்து சம்பல் போடுவாராம். மத்தியானம் பள்ளியால் வந்தால் எங்களுக்கும் பாணோடு அதுதான். உரலில்லாததால் கச்சானைத் துணியில் சுற்றி, போத்தலால் உருட்டி நொறுக்குவார். அந்த மணம் மூன்றாம் மாடிப் படிக்கட்டிலேயே வரும். நான் எத்தனையோ தடவை செய்து பார்த்துவிட்டேன். கை வரவில்லை.

1986 செப்டம்பரில் நைஜீரியா தன் நாணயமான நைராவைச் சந்தை விலைக்கு விட, அதன் பெறுமதி அப்படியே விழுந்தது. ஊருக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

இனி நான் சொல்லவேண்டியதற்கு வருகிறேன். 2004இல் நான் வாட்டர்லூவுக்குப் படிக்கப் போனேன். நாலு வருடம் கழித்து ஒரு லீவில் வந்து அம்மப்பாவின் மேசையைத் துடைக்கும்போது அந்த இடாப்பைத் திறந்தேன். வகுப்பு முடிந்து எவ்வளவோ காலம், ஆனால் மாதாமாதம் கட்டம் கீறியிருந்தது. நான் ரெலிபோன் எடுத்த நாளுக்குக் கோடு, எடுக்காத நாளுக்கு வட்டம். 2005 மார்ச்சில் 31 கட்டத்தில் 4 கோடு. அப்போது எனக்குப் பரீட்சை, சிநேகிதர்கள், பகுதிநேர வேலை என்று நூறு காரணம் இருந்தது. அவர் ஒருநாளும் "ஏன் பிள்ளை எடுக்கேல்லை" என்று கேட்டதில்லை.

"ஏன் அம்மப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"இடாப்பு அதிபருக்குக் காட்டுறது. பிள்ளையளுக்குக் காட்டுறேல்லை."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் எடுத்தேன். அந்த நாலு வருடத்து வட்டங்கள் வட்டங்களாகவே இருக்கின்றன.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் பூட்டினபோது என் மகனுக்கு 7 வயது. 86 வயது அம்மப்பா அம்மாவின் வீட்டிலிருந்து ரப்லெட்டில் அவனுக்குப் பின்னம் படிப்பித்தார். ரொட்டியை நாலாக வெட்டி, கமராவுக்குக் கிட்டப் பிடித்துக் காட்டுவார். முழுத்திரையும் ரொட்டிதான் தெரியும். இடாப்பில் மூன்றாவது பெயர் ஏறியது. பள்ளிக்கூடங்கள் திறந்த பிறகும் புதன்கிழமைகளில் வகுப்பு நடந்தது.

இப்போது அந்தக் கொப்பி என்னிடம். கடைசித் தையில் ஒரு புதன்கிழமை மகனுக்குக் காய்ச்சல், வகுப்புக்குப் போகவில்லை. வட்டம் போட்டுவிட்டார். "எனக்குக் காய்ச்சல் பூட்டா, அது பிழை" என்று மகன் சண்டை பிடித்தான். வட்டத்தை ஒரு கோட்டால் வெட்டி, மேலே சுகயீனத்துக்கு "சு" என்று எழுதி, இடாப்பில் திருத்தினால் செய்யவேண்டிய முறைப்படி பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்திருக்கிறார். கை நடுங்கின எழுத்து.

அடுத்த பக்கம் பெப்ரவரி. அடிமட்டம் வைத்துக் கீறின 28 கட்டங்கள், மூன்று பெயர்கள். முதலாம் தேதி, புதன்கிழமை. மூன்று பேருக்கும் கோடு.