உறுமிக்கு எங்கே நோட் வைப்பது?

"1:12ல் ஏதோ இழுபடும் ஒலி வருகிறதே, அது சரியாக எந்த இடத்தில் தொடங்குகிறது?" ஜப்பானிலிருந்து வந்த மின்னஞ்சலில் இருந்தது இந்த ஒரு கேள்விதான். பதில் சொல்ல எனக்கு 3 வாரம் பிடித்தது.

சிங்கப்பூரில், தெம்பனிஸ் வீவக அடுக்குமாடி வீட்டில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் செய்த எலக்ட்ரானிக் நடனப் பாட்டு அது. திரையில் வரும் குறிகளை, அதாவது நோட்டுகளை, பாட்டின் தாளத்துக்குச் சரியாக அடிக்கும் ஜப்பானிய ஆர்கேட் ரிதம் விளையாட்டு ஒன்றுக்குப் பொதுமக்களிடம் பாட்டுக் கேட்டிருந்தார்கள். அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள். 4:40 நிமிடப் பாட்டை 2 நிமிடமாக வெட்டச் சொன்னார்கள். நான் ஆசையாகக் கட்டிய முன்னிசைதான் முதலில் போனது. சரி, காசு போட்டுவிட்டு நிற்கிறவன் ஒரு நிமிடம் சும்மா கேட்டுக்கொண்டா இருப்பான்?

என் முதல் தவறு வேறு. ஒலியைச் சுருக்காத வேவ் கோப்புதான் வேண்டும் என்று விதியில் இருந்தது. கையில் இருந்த எம்பி3யை வேவாக மாற்றி அனுப்பிவிட்டேன். எம்பி3 ஆக்கும்போது பாட்டின் தலையில் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் 25 மில்லிவிநாடி. காதுக்குத் தெரியாது. ஆனால் பீட்மேனியா டூடிஎக்ஸ் போன்ற விளையாட்டில் உச்ச மதிப்பெண்ணுக்கு முன்பின் 16.7 மில்லிவிநாடிதான் இடம். கச்சிதமாக அடிக்கிறவனுக்கும் பாட்டு முழுக்கப் பிசகும். பழைய ப்ராஜெக்ட்டைத் தேடி எடுத்து மறுபடி அனுப்பினேன்.

அப்புறம் அந்த 1:12ல் வரும் உறுமி. தைப்பூசத்துக்கு முன் ஒரு உறுமி மேளக் குழுவின் ஒத்திகையில் பதிவுசெய்தது. மனிதர் வாசிப்பது ஓரிடத்தில் 132 பிபிஎம் (நிமிடத்துக்கு அத்தனை தாள அடி), உற்சாகம் ஏறினால் 136. விளையாட்டுக்கோ கட்டம் போட்ட தாள் மாதிரி நேரம் வேண்டும். ஒவ்வொரு அடியாக வெட்டிக் கட்டத்தில் உட்காரவைத்தேன். வாசித்த மாமாவிடம் போட்டுக் காட்டினால், "என்னப்பா, மெஷின் அடிச்ச மாதிரி இருக்கு" என்றார். எல்லாவற்றையும் கலைத்தேன். தாளத்தின் முதல் அடியை மட்டும் ஆணியடித்து நிறுத்தி, நடுவில் உள்ளவை 10 மில்லிவிநாடிக்குள் ஆடலாம் என்று விட்டேன். மாமா தலையாட்டினார்.

ஆனால் வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த உறுமல் இருக்கிறதே, அதற்குத் தொடக்கம் என்று ஒரு புள்ளி கிடையாது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மேடு மெதுவாக ஏறுகிறது. கடைசியில் அதனடியில் தவிலின் ஒரு சின்னத் தட்டு வைத்து, "இங்கே" என்று எழுதினேன். அவர்கள் அதிலிருந்து விரலை இழுக்கும்படி சார்ட், அதாவது நோட்டுகளின் வரிசை, போட்டார்கள்.

காகித வேலை இத்தனை சுவையாக இல்லை. சிங்கப்பூர் இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கமான காம்பாஸில் உறுப்பினரா என்று கேட்டார்கள். உறுப்பினரானால் பாட்டைப் பொதுவில் ஒலிக்கவிடும் உரிமை சங்கத்தின் கையில் இருக்கும். நான் சேர்ந்திருக்கவில்லை. ஜப்பானில் பிடிக்கும் வரி 20.42 விழுக்காடு, இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 10 ஆகக் குறைக்க, பணம் வருமுன்பே படிவம் கொடுக்க வேண்டும். வெளியாகும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. அம்மாவிடம்கூட "ஏதோ வேலை" என்றுதான் சொல்லிவைத்தேன்.

பூகிஸ் பக்கம் ஓர் ஆர்கேட்டில், கையுறை போட்ட மாணவன் ஒருவன் என் பாட்டைத் தேர்ந்தெடுத்தான். பின்னால் போய் நின்றேன். 1:12ல் அவன் விரல் அழகாக இழுத்தது. திரையில் 'லேட்' என்று வந்தது. அன்றிரவு அந்தத் தவில் தட்டை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன்.