சாக் கணக்கும் தடுப்பு வரிசையும்

அமெரிக்கக் கால்பந்தில் தடுப்பு வரிசை ஆட்டக்காரர் ஒருவரின் மதிப்பைப் பேசும்போது, எதிரணியில் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை அவர் எத்தனை முறை வீழ்த்தினார் என்ற சாக் கணக்கையே பலரும் முதலில் எடுக்கிறார்கள். அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் 1982 முதல்தான் தனிநபர் சாக்குகளை அதிகாரபூர்வமாகப் பதிவு செய்கிறது. முந்தைய தலைமுறையினரை இந்த அளவுகோலால் ஒப்பிடுவது கடினம்.

அதைவிடப் பெரிய குறை வேறொன்று. வரிசையின் நடுவில் நிற்கும் நோஸ் டேக்கிள், ஒரே நேரத்தில் எதிரணியின் இரண்டு தடுப்பாளர்களைத் தன்மீது இழுத்துக்கொண்டு, பின்னால் நிற்கும் தன் அணியின் லைன்பேக்கருக்கு வழி திறந்துவிடுகிறார். ஆனால் பந்தோடு ஓடுபவரை வீழ்த்திய பெருமை லைன்பேக்கரின் பெயரில்தான் பதிவாகிறது. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியில் 11 பருவங்கள் ஆடிய நோஸ் டேக்கிள் வின்ஸ் வில்ஃபோர்க், தம் ஆட்ட வாழ்வு முழுவதும் எடுத்தவை 16 சாக்குகளே. அவரைச் சாதாரண ஆட்டக்காரர் என்று சொல்ல எந்தப் பயிற்சியாளரும் துணியமாட்டார்.

தடுப்பு வரிசையின் நடுவில் ஆடிய ஆரன் டொனால்ட் விதிவிலக்கு: இரட்டைத் தடுப்பை எதிர்கொண்டபடியே 2018இல் 20.5 சாக்குகள் எடுத்தார். மற்றவர்களை மதிப்பிட, அவர்கள் களத்தில் இல்லாதபோது எதிரணி பந்தோடு ஓடி முன்னேறுவது எப்படி மாறுகிறது என்று பார்ப்பதையே நான் அதிகம் நம்புகிறேன்.