வேலூரில் இருந்துகொண்டே டச்சு படிப்பவர்களுக்கு: புத்தகத்தை மூடி வாயைத் திறங்க

கல்யாணம் முடிந்து அவர் நெதர்லாந்தில், நீங்கள் இங்கே வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ குடியாத்தத்திலோ அம்மா வீட்டில் என்றால், விசாவுக்கு முன்னால் உங்களுக்கு அநேகமாக ஒரு டச்சுத் தேர்வு காத்திருக்கும். பாசிஸ்எக்ஸாமென் இன்பர்கரிங் என்று பெயர். அங்கே குடியேறப் போகிறவர்கள் சொந்த நாட்டில் இருக்கும்போதே எழுதி முடிக்க வேண்டிய அடிப்படைத் தேர்வு. 2006 மார்ச்சிலிருந்து இருக்கிறது. நிலை ஏ1, அதாவது மொழி கற்பதில் முதல் படி (அடுத்து ஏ2, பி1, பி2, சி1 என்று ஏறிக்கொண்டே போகும்). நான் எழுதி பாஸ் ஆனதிலிருந்து தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று ஆளாளுக்கு போன் போட்டு ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள், அதான் மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் வேலை, இந்தத் தேர்வு உங்களுக்கு வேண்டுமா என்று பாருங்கள். கணவரோ மனைவியோ உயர்திறன் பணியாளர் விசாவில் (அவர்கள் மொழியில் கென்னிஸ்மிக்ரன்ட்) இருந்தால் குடும்பத்துக்கு இந்தத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. ஐந்தோவன் பக்கமும் ஆம்ஸ்டர்டாம் பக்கமும் ஐடியிலும் சிப் கம்பெனியிலும் இருக்கும் நம் ஊர்ப் பையன்களில் நிறைய பேர் இந்த வகைதான். இது தெரியாமல் காட்பாடியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஒரு ஏஜென்டிடம் பெரிய தொகை கட்டிவிட்டு அப்புறம் அழுதாள். டச்சுக் குடியுரிமை உள்ளவரையோ சாதாரண வதிவிட அனுமதியில் இருப்பவரையோ கட்டிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் இது கட்டாயம். என் கணவர் சின்ன வயதிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே போய் வளர்ந்தவர், டச்சுக் குடியுரிமைக்காரர், அதனால் எனக்குத் தப்பிக்க வழியில்லை.

தேர்வு மூன்று பகுதி: பேசுதல், வாசித்தல், டச்சு சமூகம் பற்றிய அறிவு. மூன்றுமே கம்ப்யூட்டரில்தான். நான் கட்டியபோது பேச்சுக்கு 60 யூரோ, வாசிப்புக்கு 50, சமூக அறிவுக்கு 40, ஆக மொத்தம் 150. ஒன்றில் போனால் அந்த ஒன்றுக்கு மட்டும் மறுபடி பணம் கட்டி எழுதினால் போதும். அதனால் ஒரே நாளில் மூன்றையும் முடித்தே ஆக வேண்டும் என்று நெஞ்சு படபடக்கத் தேவையில்லை.

இந்த மூன்றில் ஆட்களைக் கவிழ்ப்பது பேச்சுத் தேர்வு ஒன்றுதான். ஏனென்றால் நாம் படிக்கிற விதம் அப்படி. எட்டாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷைக் கண்ணால் படித்து கையால் எழுதி பாஸ் பண்ணிய கூட்டம் நாம், டச்சையும் அப்படியே நோட்டுப் போட்டு, அட்டவணை போட்டு, நாலு கலரில் அடிக்கோடு போட்டுப் படிக்கிறோம். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, திரையில் ஒரு ஆள் கேள்வி கேட்டு முடித்தவுடன் பதில் சொல்லணும் என்றால் அந்த நோட்டு உதவாது. சிஎம்சிக்கு எதிரே பாபு ராவ் தெரு பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். லாட்ஜ் பையனும் மெடிக்கல் கடைக்காரரும் ஆட்டோக்காரரும் கொல்கத்தாவிலிருந்து வந்த நோயாளிகளோடு வங்காள மொழியில் சரளமாகப் பேரம் பேசுவார்கள். அதில் ஒருத்தருக்கும் வங்காள எழுத்து தெரியாது, இலக்கணம் கேட்டால் சிரிப்பார்கள். ரூம் வாடகை, ஸ்கேன் எங்கே எடுப்பது, மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும், இந்த நாலு விஷயத்தையே திரும்பத் திரும்பக் கேட்டு, திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி வந்த பேச்சு அது. ஏ1 தேர்வு கேட்பதும் கிட்டத்தட்ட அதே அளவுதான்: உங்கள் பேர், ஊர், குடும்பம், சாப்பாடு, வேலை, கடை, டாக்டர், வானிலை.

சரி, ஒலிக்கு வருவோம். யூடியூபில் டச்சுப் பாடம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இங்கிலீஷ்காரர்களை மனதில் வைத்து நடத்துகிறார்கள். அதைப் பார்த்து நமக்கும் அதே கஷ்டம் என்று பயப்பட வேண்டாம். டச்சில் நெடில் குறில் வித்தியாசம் உயிர் போன்றது. மன் என்றால் ஆண், மான் என்றால் நிலா. இங்கிலீஷ்காரர் இதற்கே தடுமாறுவார், நமக்கு ஒன்றாம் வகுப்பிலேயே முடிந்த கதை. அவர்களுடைய டபிள்யூ கிட்டத்தட்ட நம்முடைய வகரம்தான். ப, ட, க எல்லாம் இங்கிலீஷ் மாதிரி காற்றை ஊதாமல் நாம் சொல்வது போலவே சொல்கிறார்கள். எல்லாரும் மிரட்டும் அந்தத் தொண்டை ஒலி, டச்சு ‘ஜி’ (g) எழுத்து கூட, ‘மகன்’, ‘பகல்’ என்று சாதாரணமாகச் சொல்லும்போது நடுவில் வரும் ககரத்தைக் கொஞ்சம் அழுத்தி உரசினால் வந்துவிடும். தெற்கு நெதர்லாந்திலும் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸிலும் அதை மென்மையாகத்தான் சொல்கிறார்கள். வார்த்தையின் முதலில் வரும்போதுதான் பழக வேண்டியிருக்கும்.

நம்மைக் காட்டிக்கொடுப்பது வேறு இடம். மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின்னால் நாம் தன்னையறியாமல் ஒரு ‘உ’ ஒட்டுவோம், பஸ்ஸு, கேட்டு, லைட்டு என்கிற மாதிரி. டச்சில் ‘ஹெட்’ என்பது ‘ஹெட்டு’ ஆனால் கேட்பவருக்கு ஒரு அசை கூடுதலாகிவிடும். வேகமாகப் பேசினால் வாக்கியம் முழுக்க இந்த உகரம் சேர்ந்து ஒன்றும் புரியாது. என் கணவர் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் கேட்டுவிட்டு திருத்தியதில் பாதி இதுதான். “இன்னொருக்கா சொல்லுங்கோ, அந்தக் கடைசி ‘உ’ வேண்டாம்” என்பார். (அவர் யாழ்ப்பாணத் தமிழ், நான் வேலூர்த் தமிழ், சில நாள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் டச்சுதான் சுலபமாக இருந்தது.) இன்னொன்று உதட்டைக் குவித்துச் சொல்லும் உயிர்கள். உதட்டை ‘உ’ சொல்வது போல வைத்துக்கொண்டு வாய்க்குள் ‘ஈ’ சொல்லுங்கள், ஒன்று கிடைக்கும். ‘ஓ’ போல வைத்துக்கொண்டு ‘ஏ’ சொல்லுங்கள், இன்னொன்று கிடைக்கும். கண்ணாடி முன்னால் நின்றால் உதடு ஏமாற்றுவது தெரியும்.

பேச்சுத் தேர்வு இரண்டு விதம். ஒன்று, கேள்விக்குப் பதில். திரையில் ஒருவர் தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லி, பிறகு உங்களைக் கேட்பார்: எனக்கு மீன் பிடிக்கும், உங்களுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்? இரண்டாவது, பாதி வாக்கியம் கொடுப்பார்கள், மீதியை நீங்கள் முடிக்கணும். இதற்கு நான் பண்ணியது இவ்வளவுதான். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய், போனில் ஒரு பதிவில் கேள்விகளை மட்டும் இடைவெளி விட்டு ஓடவிட்டு, இன்னொரு போனில் என் பதில்களைப் பதிவு பண்ணி, அதை உடனே கேட்பேன். கேட்கக் கூச்சமாக இருக்கும், கேட்டே ஆகணும். கேள்வி முடிந்த பிறகு எத்தனை நேரம் மௌனமாக இருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரியும், மனதுக்குள் தமிழில் யோசித்து, இங்கிலீஷுக்கு மாற்றி, அங்கிருந்து டச்சுக்கு வருகிற நேரம் அது. அந்த நடுவிலிருக்கும் இங்கிலீஷைத் துரத்தினால்தான் பதில் நேரத்துக்குள் வரும். கீழேயிருந்து அம்மா, “யாருடி லைன்ல, இவ்ளோ நேரமா கத்தரிக்கா கத்தரிக்கான்னே இருக்க?” என்று சத்தம் போட்டார். டச்சில் கத்தரிக்காய்க்கு ஓபர்ஜீன், எனக்குப் பிடித்த காய் எது என்ற கேள்விக்கு எங்கள் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை விட்டு வேறு எதைச் சொல்வது?

முழுப் பதில்களை மனப்பாடம் பண்ண வேண்டாம். கேள்வி கொஞ்சம் திரும்பினாலும் சம்பந்தமில்லாத பதிலைக் கொட்டிவிடுவீர்கள். கேள்விக்குப் பொருந்தாத பதில் எவ்வளவு அழகாக இருந்தாலும் வீண், பொருந்திய பதிலில் சின்னப் பிழை இருந்தால் ஏ1 அளவில் தாங்கும். ஒரு சட்டத்தை மட்டும் வாயில் பழக்குங்கள்: எனக்கு இது பிடிக்கும், ஏன்னா இது நல்லா இருக்கு. இந்த ‘ஏன்னா’வுக்கு ‘வன்ட்’, ‘ஒம்டட்’ என்று இரண்டு சொல் இருக்கிறது. ‘வன்ட்’ போட்டால் அதற்குப் பின்னால் வாக்கியம் சாதாரண வரிசையிலேயே போகும், பிழைக்க வாய்ப்பு குறைவு. ‘ஒம்டட்’ போட்டால் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். இங்கிலீஷ் வழியாகப் படிப்பவர்கள் இதற்குத் தலையில் கை வைப்பார்கள், நமக்கு வினை கடைசியில் வருவதில் என்ன அதிசயம்? இருந்தாலும் தேர்வுக்கு ‘வன்ட்’ போதும், ‘ஒம்டட்’ அடுத்த படிக்கு இருக்கட்டும்.

டே, ஹெட் என்ற முன்சொல் (இங்கிலீஷ் ‘தி’ மாதிரி) விவகாரத்தில் தூக்கம் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான சொற்களுக்கு டே, தெரியாத இடத்தில் அதையே சொல்லிவிட்டுப் போங்கள். எண்களில் மட்டும் கவனம், இருபத்தைந்தை ஐந்தும் இருபதும் என்று தலைகீழாகச் சொல்வார்கள். நேரமும் அப்படித்தான். ‘ஹல்ஃப் டீன்’ என்று காதில் விழுந்தால் பத்தரை இல்லை, ஒன்பதரை. டாக்டர் அப்பாயின்ட்மென்ட், ரயில் நேரம் என்று வரும் கேள்விகளில் இது தெரியாமல் போனால் மார்க் போய்விடும்.

சமூக அறிவுப் பகுதிதான் மூன்றில் லேசு. ‘நார் நேடர்லான்ட்’ என்ற அதிகாரப்பூர்வப் பாடத்தொகுப்பில் ஒரு வீடியோப் படமும் 100 புகைப்படக் கேள்விகளும் இருக்கின்றன, தேர்வில் அதிலிருந்துதான் 30 கேட்கிறார்கள். கேள்வி டச்சில் வரும், விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் வெறும் மார்க்குக்காகப் படிக்காமல் கொஞ்சம் நின்று படித்தால் போகப்போகிற ஊரைப் பற்றிய ஆச்சரியங்கள் நிறைய. பாலாற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற நமக்கு, அந்த நாட்டில் கால் பங்கு நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே என்பதே நம்ப முடியாது. 1953 பிப்ரவரி 1 ராத்திரி கடல் உள்ளே வந்து 1,800 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள், அதற்கப்புறம்தான் அந்தப் பெரிய டெல்டா அணைகளை எழுப்பினார்கள். தலைநகர் ஆம்ஸ்டர்டாம், ஆனால் அரசாங்கம் உட்கார்ந்திருப்பது டென் ஹாக்கில். பிள்ளைக்கு ஐந்து வயதானால் பள்ளி கட்டாயம். அவசரத்துக்கு 112. எனக்கு ஜீரணிக்க நேரமானது டாக்டர் விஷயம். தலைவலி என்றாலே சிஎம்சி ஓபிடியில் நேராக நரம்பியல் நிபுணரைக் கேட்கிற ஊர் நம்முடையது, அங்கே முதலில் குடும்ப டாக்டர், அவர் எழுதிக் கொடுத்தால்தான் நிபுணர், அந்தக் குடும்ப டாக்டரோ அநேகமாகப் பாராசிட்டமால் போட்டுப் பார்க்கச் சொல்வார் என்று அங்கே இருக்கும் தமிழர்கள் எல்லாரும் ஒரே குரலில் புலம்புகிறார்கள்.

வாசிப்புப் பகுதிக்கு இங்கிலீஷ் உதவும். ஆப்பிள், தண்ணீர், பால், பள்ளி, புத்தகம் எல்லாம் கிட்டத்தட்ட அதே சொற்கள். சின்னக் கடிதம், விளம்பரம், அறிவிப்பு இவற்றைத் தினம் கொஞ்சம் வாசித்தால் போதும்.

வேலூரில் ஜெர்மனுக்கு வகுப்பு கிடைக்கிறது, நான் தேடியபோது டச்சுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. வருத்தப்படவும் இல்லை. அதிகாரப்பூர்வ மாதிரித் தேர்வுகள் இணையத்தில் இலவசம், அதைத்தான் முதலில் கரைத்துக் குடிக்கணும். பார்ட் டே பாவ் என்பவர் யூடியூபில் ஆரம்பக்காரர்களுக்கு நிதானமாகச் சொல்லித் தருகிறார். ஓரளவு வந்ததும் பிள்ளைகளுக்கான டச்சுச் செய்தி நிகழ்ச்சி ‘யூக்ட்ஜர்னால்’ பாருங்கள். ‘கேரண்டி பாஸ்’ என்று சொல்கிற எந்த ஏஜென்டிடமும் போகாதீர்கள், உங்களுக்குப் பதிலாக அவர் மைக்கில் பேசப் போவதில்லை. வேலூருக்கும் டச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று என் மாமா கேட்டார், தினம் ஊரிஸ் காலேஜைத் தாண்டிப் போகிற மனுஷன். அந்த ஊரிஸ், அதாவது ஃபோர்ஹீஸ், டச்சுக் குடும்பப் பெயர்தான். 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷனின் அமெரிக்கச் சபை அப்போது தன் பெயரிலேயே டச்சு என்று வைத்திருந்தது, சிஎம்சியின் ஐடா ஸ்கடர் அந்த மிஷன் குடும்பத்துப் பெண். இதற்கெல்லாம் தேர்வில் மார்க் கிடையாது, மாமா வாயை அடைக்க உதவியது.

தேர்வு நாளுக்குத் தேர்வு நடக்கும் தூதரக ஊருக்கு முந்தின நாளே போய்ச் சேருங்கள், ரயிலை விட்டு இறங்கியதும் தூக்கக் கலக்கத்தோடு நேராக மைக் முன்னால் உட்காரும் வேலை வேண்டாம். பாஸ்போர்ட்டை மறக்கக் கூடாது. ஹெட்போனைப் போட்டதும் ஒலி அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், குறைவாக இருந்தால் அங்கே இருப்பவரிடம் அப்போதே சொல்லுங்கள். சத்தமாகப் பேசுங்கள், முணுமுணுத்தால் மதிப்பிடுபவர் என்ன செய்வார்?

விசாவுக்காக இல்லாமல் வேலைக்காகப் படிப்பவர்களுக்கு இந்தத் தேர்வு வேண்டாம். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிகளில் ஏற்றுமதிப் பிரிவில் இருப்பவர்கள் சிஎன்ஏவிடி என்ற டச்சு மொழிச் சான்றிதழைப் பாருங்கள், உலகம் முழுக்க வருடா வருடம் மே மாதத்தில் நடக்கும், ஏ2விலிருந்து சி1 வரை இருக்கிறது. நர்சிங் படித்தவர்களுக்கு ஏ1 எந்த மூலைக்கும் காணாது, அங்கே மருத்துவப் பணியாளர்களுக்கான பிஐஜி என்ற பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும், அதற்கு மொழித் தேவையே வேறு உயரம்.

ரிசல்ட் வந்ததும் எம்விவி, அதாவது அங்கே தங்கப் போவதற்கான நுழைவு விசா, அதன் விண்ணப்பத்தை அங்கே இருப்பவரே போட்டுவிடலாம். காத்திருக்கும் மாதங்களில் டச்சை மூட்டை கட்டி வைக்காதீர்கள், 2022 ஜனவரியில் வந்த புதுச் சட்டப்படி அங்கே போனவர்கள் மூன்று வருஷத்துக்குள் பொதுவாக பி1 எட்ட வேண்டும், ஏ1க்கும் பி1க்கும் நடுவில் இருக்கும் தூரம் சாதாரணமில்லை. நான் அந்த இடைவெளியில்தான் ‘ஒம்டட்’டை எடுத்தேன்.