முதலில் ஆல்ஃபா, பிறகுதான் பீட்டா

நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறதே, இதை அடக்க ஒரு மாத்திரை தரக்கூடாதா என்று மருத்துவரிடம் கேட்டேன். "தருவேன். ஆனால் இப்போது தந்தால் ஆபத்து" என்றார்.

திடீர் திடீரென்று தலைவலி, சட்டையை நனைக்கும் வியர்வை, படபடப்பு. ஓராண்டுக்கு மேல் இதையெல்லாம் பதற்றம் என்று சொல்லியே ஓட்டிவிட்டேன். 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துக் கொடுத்து, ஸ்கேனும் எடுத்த பிறகுதான் அட்ரினல் சுரப்பியில் கட்டி இருப்பது தெரிந்தது. ஃபியோகுரோமோசைட்டோமா, பெயரைச் சொல்லிப் பழகவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. இந்தக் கட்டி அட்ரினலின் வகை ஹார்மோன்களை ரத்தத்தில் கொட்டும். அறுவைச் சிகிச்சையில் கை பட்டால் இன்னும் அதிகமாகக் கொட்டும். அதற்கு முன்பே உடம்பைத் தயார்செய்தாக வேண்டும்.

மருந்துச் சீட்டின் பின்புறத்தில் மருத்துவர் ஒரு குழாய் வரைந்தார். இந்த ஹார்மோன்கள் வந்து ஒட்டும் இடத்துக்கு ஏற்பி என்று பெயர். ரத்த நாளத்தை இறுக்குவது ஆல்ஃபா ஏற்பி. இதயத்தை விரட்டுவது பீட்டா. ஆனால் தசைகளுக்குப் போகும் நாளங்களைத் தளர்த்துவதும் பீட்டாவில் ஒரு வகைதான். அதை முதலில் அடைத்துவிட்டால் தளர்த்த ஆளில்லை, இறுக்குவது மட்டும் மிஞ்சும். ரத்த அழுத்தம் எகிறிவிடும்.

ஆகவே முதலில் ஆல்ஃபாவை அடைக்கும் டாக்சசோசின், இரவில் 1 மில்லிகிராம். எழுந்தால் கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான் கேட்கவில்லை. நள்ளிரவில் கதவைப் பிடித்தது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, கன்னத்தில் தரையின் குளிர்ச்சி.

அளவைக் கூட்டக் கூட்ட மூக்கு அடைத்தது. சளி என்று நினைத்தேன். மருந்து வேலை செய்கிறது என்று மருத்துவர் மகிழ்ந்தார். நாளங்கள் தளர்ந்தால் அவற்றை நிரப்பத் திரவம் வேண்டுமாம். அதனால் தண்ணீரையும் உப்பையும் கூட்டச் சொன்னார். ரத்த அழுத்தக்காரனிடம் உப்பு போட்டுக்கொள் என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்!

படுத்து ஒரு முறை, நின்று ஒரு முறை அழுத்தம் பார்த்துக் குறித்துவந்தேன். அது அடங்கிய பிறகும் நாடித் துடிப்பு மட்டும் 110-க்குக் குறையவில்லை. ஆஸ்துமா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அப்போதுதான் பீட்டாவை அடைக்கும் புரோப்ரனலால் எழுதினார். இரண்டே நாளில் நெஞ்சு அமைதியானது.

அறுவை அரங்கில் மயக்க மருந்து நிபுணர் குனிந்து முதலில் கேட்டது, "மூக்கு அடைத்திருக்கிறதா?"

"நன்றாக."

"நல்லது" என்று முகமூடியை எடுத்தார்.