ஆபரேஷன் ஒரு மணி நேரம், எங்க வேலை முப்பதாம் நாள் வரைக்கும்

நான் டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல. ஆனா ஒரு யுனிவர்சிட்டி சர்ஜரி டிபார்ட்மென்ட்ல பல வருஷமா குப்பை கொட்டிட்டிருக்கேன், பதவி பேரு டிரையல் மேனேஜர். ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊர்ல இருக்குற சொந்தக்காரங்களுக்கு இத வெளக்குறதுக்குள்ள தாவு தீந்துரும், "மனுசங்க மேல சோதனை பண்றீங்களாமே?"ன்னுதான் எடுத்ததுமே கேப்பாங்க.

நான் பாக்குற டிரையல் எல்லாம் அப்படி பயங்கரமா ஒண்ணும் இல்ல. ரெண்டு வைத்திய முறைய ஒப்பிட்டுப் பாக்குறதுதான் டிரையல், ரெண்டுமே ஏற்கனவே ஆஸ்பத்திரில பண்ணிட்டிருக்கறதுதான், எது நல்லதுன்னு மட்டும் யாருக்கும் உறுதியா தெரியாது, அதனால ஆளுக்கு எதுன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். எங்க பெரியம்மாகிட்ட இது குலுக்கல் சீட்டு மாதிரின்னு சொன்னேன். "அப்ப சீட்டுக்காரன் மாதிரி ஆள் பாத்து குடுக்க மாட்டீங்கல்ல?"ன்னு பட்டுன்னு கேட்டுச்சு. அதேதான்! இத சர்ஜன்களுக்கு புரியவைக்க நாங்க மீட்டிங் மேல மீட்டிங் போடுறோம். இருபது வருஷம் கத்தி பிடிச்ச மனுஷனுக்கு "எனக்கே தெரியாது, சீட்டு சொல்லட்டும்"னு சொல்றது லேசுப்பட்ட காரியம் இல்லதான், "இந்த கேஸுக்கு மட்டும் நான் சொல்றத போடுங்க மேடம்"னு வருவாங்க, முடியாதுன்னு சொல்றதுக்குதான் எனக்கு சம்பளம்.

மருந்து டிரையல்னா ஒரே மாதிரி ரெண்டு மாத்திரைய வச்சு, யாருக்கு எது போகுதுன்னு எல்லார்கிட்டயும் மறைச்சிரலாம். ஆபரேஷன் பண்றவர்கிட்ட அவர் பண்றதையே எப்படி மறைக்கிறது? காயத்த பின்னாடி வந்து பாக்குற ஆளுக்கு சொல்லாம வைப்போம், சில டிரையல்ல நோயாளிக்கும் சொல்ல மாட்டாங்க. 2002ல ஹூஸ்டன்ல முட்டி தேய்மானத்துக்கு 180 பேர வச்சு பண்ண டிரையல்ல ஒரு குரூப்புக்கு தோல மட்டும் கீறி தையல் போட்டு அனுப்பிட்டாங்க (இப்படி நடக்கலாம்னு முன்னாடியே சொல்லி சம்மதம் வாங்கிட்டுதான்). ரெண்டு வருஷம் கழிச்சு பாத்தா, நெஜமாவே உள்ள கருவி விட்டு சுத்தம் பண்ணவங்களுக்கும் வலி இவங்களவிட ஒண்ணும் கொறையல. அந்த ஆபரேஷன அதுவரைக்கும் எத்தனை பேருக்கு பண்ணிருப்பாங்கன்னு யோசிச்சுக்கோங்க.

சரி, நம்ம பக்கத்து கதைக்கு வரேன். ஆபரேஷன் முடிஞ்சு காயத்துல சீழ் பிடிச்சுதா இல்லையான்னு முப்பது நாள் வரைக்கும் பாக்கணும். ராம்நாடு கடற்கரைல இருந்து ஹெர்னியாவுக்கு (குடலிறக்கம்) வர்ற ஆளுங்க பாதிப்பேர் மீன்பிடி தடைக்காலத்துலதான் வருவாங்க, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது, அப்பதான் படுத்து எந்திரிக்க நேரம். ஏப்ரல்ல பண்ணா எனக்கு நிம்மதி. மே கடைசில பண்ணா முப்பதாம் நாள் ஆளு நடுக்கடல்ல இருப்பாரு. நாட்டுப்படகுக்காரங்களுக்கு இந்தக் கணக்கும் கிடையாது, தையல் பிரிச்ச கையோட கிளம்பிருவாங்க. பாம்பன் சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போற அக்காங்களுக்கு கடல்ல எறங்காதீங்கன்னு சொல்லலாம், அன்னைக்கு கூலிய யார் குடுக்குறது?

போன் போட்டா வீட்டம்மா எடுப்பாங்க.

"அக்கா, ஆஸ்பத்திரில இருந்து பேசுறேன், அண்ணனுக்கு காயம் எப்படி இருக்கு?"

"அதெல்லாம் நல்லா இருக்கும்மா, உப்புத்தண்ணி பட்டா தானா ஆறிரும்."

"நல்லா இருக்கு"ன்னு ஃபார்ம்ல எழுத முடியாது. செவந்திருந்துச்சா, தண்ணி வடிஞ்சுதா, காய்ச்சல் அடிச்சுதா, தையல் விட்டுச்சான்னு ஒவ்வொண்ணா கேக்கணும். எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு சொல்லிட்டு போன வைக்கப் போறப்ப "மெடிக்கல்ல ரெண்டு நாளைக்கு மாத்திரை வாங்கி குடுத்தேன்"னு வரும் பாருங்க, நமக்கு வேண்டியதே அதுதான். என்ன மாத்திரை, எதுக்கு வாங்குனீங்க, அட்டை இருக்கான்னு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அதனால இப்பல்லாம் அட்மிஷன் அன்னைக்கே, அவங்க சம்மதத்தோட, வீட்டம்மா நம்பர், பக்கத்து வீட்டு நம்பர், ஏலக்கூடத்துல தெரிஞ்சவங்க நம்பர்னு எல்லாத்தையும் வாங்கி வச்சிருவேன்.

இவ்வளவு பாடுபட்டு ரெண்டும் ஒண்ணுதான்னு முடிவு வந்தா வேஸ்ட்டுதானேன்னு கேப்பாங்க. எனக்கு அப்படி தோணல. இந்தியாவும் சேத்து 7 நாட்டுல 54 ஆஸ்பத்திரில 5788 பேர வச்சு ஃபால்கன்னு ஒரு டிரையல், 2021ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு. கிருமிநாசினி பூசுன தையல் நூல் சாதாரண நூலவிட ஒண்ணும் மேல இல்லன்னு அதுல தெரிஞ்சுது, கவர்மென்ட் ஆஸ்பத்திரி அதுக்கு கூடுதலா காசு போட வேண்டியதில்லல்ல? அடுத்த வருஷம் சீட்டா (ChEETAh)ன்னு இன்னொரு டிரையல், 81 ஆஸ்பத்திரி, 13,301 பேரு. வயித்த மூடுறதுக்கு முன்னாடி கையுறையும் கருவியும் மாத்துனா காயத்துல இன்ஃபெக்‌ஷன் 18.9 சதவீதத்துல இருந்து 16 ஆச்சு. கையுறை மாத்துறதுக்கு என்ன பெரிய டெக்னாலஜி வேணும் சொல்லுங்க.

இந்த வேலைக்கு வரணும்னு நம்மூர் தம்பி தங்கச்சிங்க மெசேஜ் போடுறீங்க. நர்சிங், பார்மசி, லைஃப் சயின்ஸ் எது படிச்சிருந்தாலும் வரலாம், ஜிசிபி (டிரையல ஒழுங்கா நடத்துறதுக்கான விதிமுறை) டிரெய்னிங் முடிச்சிருங்க, ஆரம்ப சம்பளம் சுமார்தான், ப்ராஜெக்ட் முடிஞ்சா அடுத்தது கெடைக்கிற வரைக்கும் வயித்துல புளி கரைக்கும். எக்ஸெல் தெரிஞ்சா மட்டும் பத்தாது, ராம்நாட்டு பேச்சுல வயசானவங்ககிட்ட பொறுமையா பேசத் தெரியணும்.

வேலைக்கு வராதவங்களுக்கும் ஒண்ணு. உங்க வீட்ல யார்கிட்டயாவது டிரையலுக்கு கையெழுத்து கேட்டா சிடிஆர்ஐ நம்பர் என்னன்னு கேளுங்க, இந்தியாவுல நடக்குற டிரையல்கள பதிவு பண்ற சைட் அது. 2007ல இருந்து இருக்கு, யாரு வேணாலும் தேடிப் பாக்கலாம், காசு கிடையாது. நம்பர் சொல்லத் தெரியலன்னா, தெரிஞ்சு சொல்ற வரைக்கும் பேனாவ எடுக்காதீங்க.