எஸ்டி கார்ட் கொன்ட்ரோலருக்குள் இருந்த டிஎம்ஏயை டிரைவரில் சேர்த்த அனுபவம்

யாழ்ப்பாணம் கொக்குவில் வீட்டு விறாந்தையில் ஒரு சின்ன ஏஆர்எம் போர்டையும் சீரியல் வயரையும் வைத்துக்கொண்டு மூன்று கிழமை இருந்தேன். போர்டில் உள்ள எஸ்டி கார்ட் கொன்ட்ரோலருக்கு லினக்ஸ் கேர்னல் டிரைவர் ஒன்று இருந்தது, ஆனால் அது டிஎம்ஏ (சிபியுவை இடையில் இழுக்காமல் தரவை நேரே மெமரிக்குக் கொண்டுபோகும் வன்பொருள்) இல்லாமல் ஓடியது. கார்டில் இருந்து வரும் ஒவ்வொரு நான்கு பைட்டையும் சிபியுவே ஃபிஃபோவில் (வந்த தரவு வரிசையில் காத்திருக்கும் சின்ன இடத்தில்) இருந்து எடுத்து மெமரியில் போடும், பெரிய ஃபைல் ஒன்றைக் கொப்பி பண்ணினால் ஒரு கோர் முழுக்க அதற்கே போய்விடும். மனுவலைத் திறந்து பார்த்தால் அதே கொன்ட்ரோலருக்குள் டிஎம்ஏ ஒன்று சும்மா கிடக்கிறது.

முதல் கிழமை பிழையான வழியில் போனேன். கேர்னலில் டிஎம்ஏஎன்ஜின் என்று ஓர் அடுக்கு இருக்கிறது, டிஎம்ஏ என்றால் அதற்குள்ளால்தான் போகவேண்டும் என்று நினைத்து, தனி டிரைவர், சேனல், போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று சொல்லும் டிவைஸ் ட்ரீயில் தனிப் பதிவு என்று நிறைய எழுதினேன். பிறகு பல்கலைக்கழகத்தில் எனக்கு முன்னே படித்த அண்ணை ஒருவரோடு திருநெல்வேலியில் பிளேன்டீ குடித்தபடி இதைக் கதைத்தபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “தம்பி, இந்த டிஎம்ஏயை உன்ர கார்டைத் தவிர வேற ஆர் பாவிக்கப்போகினம்?”

ஒருவரும் இல்லை. டிஎம்ஏஎன்ஜின் இருப்பது யுஆர்ட், எஸ்பிஐ, ஓடியோ என்று பல டிரைவர்கள் சேனல் (தரவு போகும் பாதை) கேட்டு வாங்கும் பொதுவான கொன்ட்ரோலருக்கு. என்னுடையதன் ரெஜிஸ்டர்கள் (வன்பொருளை ஓட்ட எழுதி வாசிக்கும் இடங்கள்) கார்ட் கொன்ட்ரோலரின் ரெஜிஸ்டர்களோடேயே இருக்கின்றன, இன்டரப்டும் (சிபியுவைக் கூப்பிடும் சைகை) ஒன்றுதான். அதை ஹோஸ்ட் டிரைவரே நேரே ஓட்டவேண்டும், கேர்னலிடம் வாங்கவேண்டியது மெமரியை மேப் பண்ணும் (வன்பொருள் பாவிக்கக் கொடுக்கும்) வசதி மட்டும்தான். சினொப்சிஸ் நிறுவனத்தின் டிசைன்வெயார் கார்ட் கொன்ட்ரோலருக்குக் கேர்னலில் உள்ள எம்எம்சி டிரைவரை வாசிக்கச் சொன்னார் அண்ணை. அது உள்ளே இருக்கும் டிஎம்ஏ, வெளி டிஎம்ஏ, டிஎம்ஏயே இல்லாதது என்று மூன்றையும் தாங்கும். தொடக்கத்தில் வன்பொருளின் ரெஜிஸ்டர் ஒன்றை வாசித்து எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்குரிய ஃபங்ஷன் அட்டவணையை எடுத்துக்கொள்ளும். அந்த அமைப்பையே நானும் எடுத்தேன். எழுதியதில் பெரும்பகுதியை அழித்தேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை.

டிஎம்ஏக்கு எதை எங்கே போடுவது என்று சொல்லும் சிறு குறிப்புகளின் தொடர், அதாவது டிஸ்கிரிப்டர் வளையம், இலகுவாகவே வந்தது. ஒவ்வொரு டிஸ்கிரிப்டருக்கும் முகவரி, அளவு, அடுத்தது எங்கே, அப்புறம் இப்போது இது யாருடையது என்று சொல்லும் ஓன் பிட். மற்ற எல்லாவற்றையும் எழுதி, எழுதிய ஒழுங்கு மாறாமல் காக்கும் மெமரி பாரியர் போட்டு, கடைசியாகத்தான் முதல் டிஸ்கிரிப்டரின் ஓன் பிட்டை வைக்கவேண்டும், இல்லாவிட்டால் பாதி எழுதியதை வன்பொருள் எடுத்துக்கொண்டு போய்விடும். ஒரு டிஸ்கிரிப்டருக்கு 4 கிலோபைட்தான் என்பதைக் கேர்னலில் கார்டுகளைப் பார்த்துக்கொள்ளும் எம்எம்சி அடுக்குக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதுவே துண்டாக்கித் தரும்.

என்னை நான்கு நாள் நித்திரை கொள்ளவிடாதது வேறொன்று. பயத்தில் முதலில் பெரிய வாசிப்புகளுக்கு மட்டும் டிஎம்ஏயைத் திறந்திருந்தேன், கார்ட் ஒழுங்காக மவுண்ட் ஆனது. ஆனால் ஒரே ஃபைலை இரண்டு தடவை வாசித்தால் இரண்டு வேறு எம்டி5 (ஃபைலின் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்). கேபிளை மாற்றினேன், கடிகார வேகத்தைக் குறைத்தேன், கார்டை மாற்றினேன். கடைசியில் இரண்டு வாசிப்பையும் ஹெக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: பிழையான துண்டு ஒவ்வொன்றும் 64இன் மடங்கில் தொடங்கி 64இன் மடங்கில் முடிந்தது, உள்ளே கிடந்தது அதே ஃபைலின் முந்தைய பகுதி. போர்டின் சிபியுவான கோர்டெக்ஸ் ஏ53இன் கேஷ் (மெமரியின் பிரதியை சிபியு தன்னருகே வைத்திருக்கும் இடம்) வரிசை 64 பைட். வயரில் ஒரு குறையும் இல்லை, சிபியு தன் கேஷில் கிடந்த பழையதைத்தான் வாசித்திருக்கிறது.

காரணம் நான்தான். டிரைவர் ஏறும்போதே ஒரு பஃபரை எடுத்து, ஒரே தடவை மேப் பண்ணி, ஒவ்வொரு முறையும் அதில் இருந்து கொப்பி பண்ணிக்கொண்டிருந்தேன், இடையில் கேஷையும் மெமரியையும் ஒத்துப்போகச் செய்யும் சிங்க் ஒன்றும் இல்லை. அண்ணைக்குச் சொன்னபோது, “குத்தகைக்குக் குடுத்த காணிக்குள்ள, குத்தகை முடியமுதல் போய் மாங்காய் பிடுங்கிற மாதிரியடா அது” என்றார். அதற்குப் பிறகு மேப், அன்மேப் இரண்டும் எனக்கு வடிவாக விளங்கின. மேப் பண்ணியதில் இருந்து அன்மேப் வரை அந்த மெமரி வன்பொருளுடையது. தொடங்கமுதல் கேஷைத் துடைத்தது காணாது, டிஎம்ஏ ஓடும்போதே சிபியு ஊகத்தில் அந்த வரிசைகளை மறுபடி இழுத்துவிடலாம், அதனால் முடிவில் அன்மேப் பண்ணிய பிறகே தொடவேண்டும். அந்தப் பஃபரையே தூக்கிவிட்டு, மேலிருந்து வரும் ஸ்கற்றர்லிஸ்ட்டை (மெமரியில் சிதறிக் கிடக்கும் துண்டுகளின் பட்டியலை) நேரே மேப் பண்ணினேன்.

இன்னும் இரண்டு இடத்தில் அடி வாங்கினேன். கார்ட் கொன்ட்ரோலர் ‘தரவு முடிந்தது’ என்று இன்டரப்ட் தருவதும், டிஎம்ஏ ஃபிஃபோவை வடித்து மெமரியில் எழுதி முடிப்பதும் ஒன்றல்ல, இரண்டும் வந்த பிறகே கோரிக்கையை முடிக்கவேண்டும். மற்றது, பிழை வந்தால் முதலில் டிஎம்ஏயை நிறுத்தவேண்டும், அன்மேப் அதற்குப் பிறகுதான். நான் மாற்றிச் செய்திருந்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போது கார்டைப் பிடுங்கிப் பார்க்காவிட்டால் இது தெரிந்தே இருக்காது, ஏனெனில் கேர்னல் விழுந்தது அப்போதல்ல, இரண்டு நிமிடம் கழித்து எங்கேயோ சம்பந்தமில்லாத இடத்தில்.

டிஎம்ஏ மேப்பிங்கைச் சரிபார்க்கும் டீபக் வசதி கேர்னலிலேயே இருக்கிறது, அதை முதல் நாளே திறந்து வைத்திருக்கவேண்டும். சிறிய வாசிப்புகளைப் பழைய வழியிலேயே விட்டேன், எட்டு பைட்டுக்காக டிஸ்கிரிப்டர் கட்டுவதில் பயனில்லை. கடைசி இரவு எழுது, வாசி, எம்டி5 என்று சுற்றவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தபோது ஒரு வித்தியாசமும் இல்லை, சிபியு பாவனையைக் காட்டும் டாப் கட்டளையில் சிபியு கிட்டத்தட்ட சும்மா இருந்தது.