மீடியா கிட்டை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள்

ஒருவழியாக ஒப்பந்தம் முடிந்துவிட்டது. எங்கள் சன்ஸ்க்ரீனைப் பற்றி இன்ஸ்டாகிராமில் எந்த இன்ஃப்ளூயன்ஸர்கள் பேசப் போகிறார்கள் என்று முடிவாகி, முன்பணமும் போய்ச் சேர்ந்தாயிற்று. ஆனால் இதற்கு நடுவில் இன்ஃப்ளூயன்ஸர்கள் சார்பில் பேசும் ஒரு மேனேஜரும் ஒரு ஏஜென்சியும் படுத்திய பாடு இன்னும் ஆறவில்லை. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பட்டியல் தயாரிப்பது, மெயில் போடுவது, ரேட் கார்டு என்ற கட்டண விவரத்தை வாங்குவது எல்லாம் சுலபமாக நடந்துவிடும். 'இந்த எண்களை நான் சரிபார்க்கணும்' என்று வாயைத் திறந்தால்தான் தகராறு ஆரம்பிக்கும்.

முதலில் பேசியவருக்கு ஃபாலோயர்கள் ஏராளம். அவருடைய எண்களைத் தொகுத்துக் காட்டி மேனேஜர் அனுப்பிய மீடியா கிட்டில், 'ரீலுக்குச் சராசரியாக ஒரு லட்சம் வியூஸ்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அந்த இன்ஃப்ளூயன்ஸரின் பக்கத்துக்குப் போய், பின் செய்து மேலே வைத்திருந்ததையும், போட்டு ஓரிரு நாளே ஆனவற்றையும் விட்டுவிட்டு, அடுத்த பத்து ரீலின் எண்களை ஒரு தாளில் எழுதினேன். ஒன்பது ரீல் பத்தாயிரத்தைச் சுற்றித்தான் இருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் ஒன்பது லட்சத்தைத் தாண்டியிருந்தது. கூட்டிப் பத்தால் வகுத்தால் ஒரு லட்சம் வரத்தான் செய்கிறது. கணக்கில் பிழை இல்லை. ஆனால் நமக்காகப் போடப் போகும் ரீலுக்கு எத்தனை வரும் என்று கேட்டால், பத்தாயிரம் என்பதுதான் நேர்மையான பதில். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் வருவதைப் பாருங்கள். ஒரே ஒரு வைரல் வீடியோவால் அந்த எண்ணை அசைக்க முடியாது.

இதைச் சொன்னதும் மேனேஜர், "எல்லாரும் ஆவரேஜ்தான் மேடம் போடுவாங்க, நீங்க ஒருத்தர்தான் இப்படிக் கேக்குறீங்க" என்றார். சரி, மற்றவர்கள் கேட்காமல் விட்டது அவர்கள் பாடு. அந்த ஒன்பது லட்ச ரீலில் எவ்வளவு விளம்பரக் காசு கொடுத்து பூஸ்ட் செய்ததால் வந்தது என்றும் கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியும் புள்ளிவிவரப் பகுதியான இன்சைட்ஸில், விளம்பரம் மூலம் வந்த பங்கு தனியாகவே தெரியும். கேட்டுப் பாருங்கள், காட்ட மறுத்தால் அதையும் பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அதைவிட எரிச்சல், பார்வையாளர்கள் எந்த நாட்டைச் சேர்ந்தவர்கள் என்று கேட்டபோது நடந்தது. நாங்கள் பொருளை அனுப்பவே முடியாத நாட்டில் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் எங்களுக்கு ஒரு விற்பனைகூட ஆகாது. எனவே நாடு, வயது, ஆண்-பெண் விகிதம் மூன்றையும் கேட்டேன். ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. மேலே தேதி வரம்பு இருக்கும் பகுதியை வெட்டியிருந்தார்கள். அதில் தெரிந்த ஃபாலோயர் எண்ணும் அன்றைக்குப் பக்கத்தில் இருந்த எண்ணும் ஒத்துப்போகவே இல்லை. பழைய படமாக இருக்கலாம், யாரோ எடிட் செய்ததாகவும் இருக்கலாம். ஸ்க்ரீன் ரெக்கார்டிங்காக அனுப்பச் சொன்னேன். 'அது கிரியேட்டரோட பர்சனல் விஷயம்' என்று பதில் வந்தது. மறுபடி கேட்டால் மறுபடியும் ஒரு ஸ்க்ரீன்ஷாட். கடைசியில், வீடியோ காலில் வந்து போனைத் திறந்து காட்டினால்தான் மேற்கொண்டு பேசுவேன் என்று உறுதியாகச் சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார்கள். ப்ரொஃபைலில் ஆரம்பித்து இன்சைட்ஸுக்குப் போய், கடைசி 30 நாளைத் தேர்ந்தெடுத்துக் காட்டச் சொன்னேன். பார்வையாளர்களில் பெரும்பகுதி நாங்கள் விற்காத நாடுகளில் இருந்தது. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள இத்தனை மெயில், இத்தனை இழுத்தடிப்பு. "ஃபாலோயர்னா ஃபாலோயர்தானே மேடம்" என்று அந்த மேனேஜர் சொன்னதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

போலி ஃபாலோயர் என்பதெல்லாம் பழைய கதை, இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். தேவுமி என்ற நிறுவனம் போலிக் கணக்குகளை ஃபாலோயர்களாக விற்று வந்ததை நியூயார்க் டைம்ஸ் 2018 ஜனவரியில் அம்பலப்படுத்தியது. அமெரிக்க அரசின் வர்த்தகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி 2019-இல் அந்த வழக்கை 25 லட்சம் டாலருக்கு முடித்தது. அதோடு இந்த வியாபாரம் நின்றிருந்தால், போலி ஃபாலோயரையும் போலி வியூஸையும் விற்பதையும் தெரிந்தே வாங்குவதையும் தடுக்கும் விதியை அதே எஃப்டிசி 2024-இல் கொண்டுவந்திருக்க வேண்டியதில்லை.

அதே நேரம், ஃபாலோயர் எல்லாரும் உண்மையான ஆட்களாக இருந்தும் நமக்குப் பயன்படாமல் போகலாம். ஃபாலோயர் வளர்ச்சி வரைபடம் படிக்கட்டு மாதிரி திடீர் திடீரென்று ஏறியிருந்தால், அந்தத் தேதிகளில் என்ன பதிவு வந்தது என்று பாருங்கள். நான் பார்த்த ஒருவருக்கு ஒவ்வொரு ஏற்றமும் ஒரு கிவ்அவே நாளில் இருந்தது. 'இந்தப் பட்டியலில் உள்ள எல்லாரையும் ஃபாலோ செய்தால் போன் பரிசு' என்ற வகைப் போட்டி. அப்படி வந்தவர்கள் பரிசுக்காக வந்தவர்கள். அவர் சொல்லி அவர்கள் எதையும் வாங்கப் போவதில்லை.

ஏஜென்சி அனுப்பிய பட்டியலில் எல்லாம் சரியாக இருந்த ஒரு பக்கமும் இருந்தது. எண்கள் நன்றாக இருந்தன, நாடும் சரி. ஆனாலும் இன்ஸ்டாகிராமில் ப்ரொஃபைலின் மூன்று புள்ளியைத் தொட்டு, 'இந்தக் கணக்கைப் பற்றி' என்ற பகுதியைப் பார்ப்பதை நான் விடுவதில்லை. கணக்கு எப்போது தொடங்கியது, எந்த நாட்டிலிருந்து நடக்கிறது, பயனர்பெயர் எத்தனை முறை மாறியது என்று பெரிய கணக்குகளுக்கு அங்கே தெரியும். கணக்கோ பல வருடப் பழையது. பதிவுகளோ சில மாதத்துக்கு உள்ளேதான். பெயர் பலமுறை மாறியிருந்தது. அப்புறம் டேக் செய்யப்பட்ட படங்களின் பக்கத்துக்குப் போய்க் கீழே கீழே இறங்கினேன். சொந்தப் பதிவுகளை அழிக்கலாம். மற்றவர்கள் டேக் செய்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே அகப்பட்டது. அது முன்பு ஒரு மீம் பக்கம். மொத்தமாக விலைக்கு வாங்கி, பெயரை மாற்றி, 'ஸ்கின்கேர்' என்று எழுதியிருக்கிறார்கள். ஏஜென்சியைக் கேட்டபோது 'ரீபிராண்டிங்' என்றார்கள். மீம் பார்க்க வந்த கூட்டத்திடம் சன்ஸ்க்ரீன் விற்க என்னிடம் பணம் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரை உடனே அடித்துவிட்டேன். கண்டுபிடித்தது பெரிய திருப்தியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இதெல்லாம் வடிகட்டும் வேலைதான். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை எனக்குச் சொன்னது கமென்ட்கள். இதற்குக் குறுக்குவழி கிடையாது. உட்கார்ந்து படிக்க வேண்டும்.

லைக்கையும் கமென்ட்டையும் கூட்டி ஃபாலோயர் எண்ணால் வகுத்து எங்கேஜ்மென்ட் ரேட் என்று ஒன்று தருகிறார்களே, அது யார் கமென்ட் போட்டார்கள் என்று சொல்லாது. எண்ணிக்கை பிரமாதமாக இருந்த ஒரு பக்கத்தில், ஒவ்வொரு ரீலின் கீழும் முதல் சில நிமிடங்களில் அதே பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. 'வாவ்', 'செம', நெருப்புப் படம், இதயப் படம். ஒவ்வொருவர் பக்கமாகப் போனால் எல்லாருமே இன்ஃப்ளூயன்ஸர்கள்தான். அவர்கள் பதிவுகளின் கீழே நம்மவர் அதே மாதிரி 'செம' போட்டிருக்கிறார். ஒருவருக்கொருவர் கமென்ட் போட்டுக்கொள்வதற்கென்று குழு வைத்துக்கொள்வதை பாட் (pod) என்கிறார்கள். அத்தனை கமென்ட்டிலும் பொருளைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

எங்கள் பட்டியலில் மிகக் குறைந்த ஃபாலோயர் கொண்ட ஒரு பெண்ணின் பக்கத்துக்குப் போனபோதுதான் வித்தியாசம் உறைத்தது. "எண்ணெய் வழியுற முகத்துக்கு இது ஒத்துக்குமா அக்கா?", "மேக்கப்புக்கு அடியில போட்டா திரியுதே, என்ன செய்ய?", "போன வாரம் சொன்னீங்களே, வாங்கிட்டேன், கண்ணு எரியுது." அந்தக் கடைசிக் கமென்ட்டுக்கு அவர் பொருளுக்கு வக்காலத்து வாங்கவில்லை. போடுவதை நிறுத்துங்கள், எரிச்சல் தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள் என்று எழுதியிருந்தார். வாங்குவதற்கு முன்னும் ஆட்கள் இவரைக் கேட்கிறார்கள், வாங்கிய பிறகும் வந்து சொல்கிறார்கள். ஒரு பிராண்டுக்கு வேண்டியது இதுதான். ஃபாலோயர் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் முதல் வடிகட்டலிலேயே இவர் போயிருப்பார்.

பேசத் தொடங்கியதும் அவர்தான் எங்களை விசாரித்தார். சன்ஸ்க்ரீன் வெயிலை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் எஸ்பிஎஃப் எண்ணுக்கான சோதனை அறிக்கையைக் கேட்டார். சேர்மானப் பட்டியல் கேட்டார். கொஞ்ச நாள் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன், பிடிக்கவில்லை என்றால் செய்ய மாட்டேன் என்றார். மற்ற பலரும் பொருள் கைக்கு வருவதற்கு முன்பே 'லவ் இட்' என்று மெயில் அனுப்பியிருந்தார்கள்.

பழைய பதிவுகளைக் குறைந்தது ஒரு வருடத்துக்காவது பின்னோக்கிப் பாருங்கள். அடுத்தடுத்த மாதங்களில் வெவ்வேறு கம்பெனி சன்ஸ்க்ரீனைக் காட்டி, ஒவ்வொன்றையும் 'நான் வருஷக்கணக்கா போடுறது இதுதான்' என்று சொன்னவரை நீக்கினேன். 'எஸ்பிஎஃப் 50 காலையில போட்டா நாள் முழுக்கக் கவலையே இல்லை' என்றவரையும் நீக்கினேன். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். எஸ்பிஎஃப் 30, வெயிலில் தோலைக் கருக்கும் யூவிபி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 சுமார் 98 சதவீதத்தை. எண் பெரிதானால் பூசாமலே சமாளிக்கலாம் என்று அர்த்தமில்லை. இப்படித் தப்பாகச் சொல்லி ஒருவருடைய தோல் கருகினால் அந்தப் பழி எங்களுக்கும்தான். ஃபில்டர் போட்டுச் சருமத்தைக் காட்டுபவர்களையும் தவிர்த்தேன். பொருளின் பலனை மிகைப்படுத்தும் அழகு ஃபில்டர்கள் விளம்பரத்தில் கூடாது என்று பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பான ஏஎஸ்ஏ 2021-லேயே சொல்லிவிட்டது.

லேபிள் விஷயத்திலும் கறாராக இருங்கள். காசு வாங்கிப் போடும் பதிவு என்பதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் எஃப்டிசி சொல்கிறது, இந்தியாவில் விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ 2021-இல் இதற்கென்றே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. உங்கள் நாட்டு விதியைப் படித்துவிடுங்கள். 'லேபிள் போட்டா ரீச் குறையும், ஹேஷ்டேக் கூட்டத்துக்குள்ள சின்னதா போட்டுடலாம்' என்று ஒருவர் சொன்னார். அவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டேன். தன்னை நம்பிப் பார்ப்பவர்களிடமே மறைக்கத் தயாராக இருப்பவர் எங்களிடம் மட்டும் எதை மறைக்காமல் இருப்பார்?

ஒப்பந்தத்தில் கடைசி இழுபறி. ஏஜென்சி அனுப்பிய பிரதியில் 'விவரம் இணைப்பில்' என்று இருந்தது, இணைப்பு இல்லை. கேட்டால் "ஸ்டாண்டர்டுதான் மேடம், சைன் பண்ணிடுங்க" என்றார்கள். வாங்கிப் பார்த்தால், வீடியோவை எங்கள் விளம்பரத்தில் பயன்படுத்த மாதாமாதம் தனிக் கட்டணம் என்று அதில் இருந்தது. எனவே இணைப்பு கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். வீடியோவை எங்கே, எத்தனை மாதம் பயன்படுத்தலாம், அதுவரை போட்டி பிராண்டை அவர் பேசாமல் இருக்க வேண்டுமா, பதிவை எவ்வளவு நாள் அழிக்கக் கூடாது, திருத்தம் எத்தனை முறை என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். பின்னணி இசையையும் மறக்காதீர்கள். ட்ரெண்டிங் பாட்டுகளுக்கான அனுமதி சொந்தப் பதிவுகளுக்குத்தான். பிராண்டு வீடியோவில் போட்டால் இன்ஸ்டாகிராம் சத்தத்தையே எடுத்துவிடக்கூடும். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் எந்தெந்த எண்களை எப்போது காட்ட வேண்டும் என்பதையும், அதைக் காட்டிய பிறகுதான் மீதிப் பணம் என்பதையும் சேர்த்துவிட்டோம். நேரடியாகப் பேசிய கிரியேட்டர்கள் இதற்கெல்லாம் ஒரே நாளில் சரி என்றார்கள். முரண்டு பிடித்தது ஏஜென்சி மட்டும்தான்.

முதல் ரீலின் வரைவு நேற்று வந்தது. லேபிள் தொடக்கத்திலேயே இருக்கிறது, ஃபில்டர் இல்லை, நன்றாகப் பேசியிருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும் என்ற வரி மட்டும் விடுபட்டிருந்தது. சேர்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.